இரண்டாவது சார்ஜர்

புகழேந்தியின் வீட்டில் எதை எடுத்தாலும் இரண்டு இருக்கும். மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டி, தனித்தனிக் குழாயோடு. கூடத்தில் ஒரு இன்வர்ட்டர், அறையில் ஒரு இன்வர்ட்டர். இரண்டு கேஸ் சிலிண்டர் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. இரண்டு லைட்டரும் அதற்கு மேல் ஒரு தீப்பெட்டியும் வைத்து, அந்தத் தீப்பெட்டியை எடுத்து யாராவது ஊதுபத்தி கொளுத்திவிட்டால் சண்டைக்கு வருகிற ஆள் திருவையாற்றைச் சுற்றிப் பத்து மைலுக்கு இவன் ஒருத்தன்தான்.

"எல்லாத்துக்கும் ஸ்பேர் வச்சிருக்கீங்களே, எனக்கும் எங்கயாச்சும் ஒண்ணு வச்சிருக்கீங்களா?" என்பாள் அவன் மனைவி செவ்வந்தி. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வாய்க்குப் பஞ்சமில்லை.

"இருக்கற ஒண்ணையே சமாளிக்க முடியல" என்பான் அவன்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பிழைப்பு அப்படி. அவன் தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர். அப்பா செல்லதுரை கூலிக்கும் போய், குத்தகைக்கும் எடுத்து, கடைசியில் சொந்தமாக இரண்டு ஏக்கர் வாங்கியவர். புகழேந்தி பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்து, தஞ்சாவூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் நாலு வருஷம் கையைச் சுட்டுக்கொண்டு, பிறகு எப்படியோ தட்டுத்தடுமாறிக் கப்பலில் எலெக்ட்ரிக்கல் ஆபீசர் ஆனவன். பதினேழு வருஷம் ஆகிறது.

அவன் போகிற கப்பல் சரக்குக் கப்பல் இல்லை. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்குப் பக்கத்தில், நங்கூரமே போடாமல், நின்ற இடத்தில் நிற்கிற கப்பல். அடியில் சுற்றும் விசிறிகள் காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் கப்பலிலிருந்து காற்றுக் குழாயைக் கட்டிக்கொண்டு ஆட்கள் நாற்பது மீட்டர் ஆழத்தில் இறங்கி வேலை பார்ப்பார்கள். கரண்ட் போனால் விசிறி நிற்கும். விசிறி நின்றால் கப்பல் நகரும். கப்பல் நகர்ந்தால் கீழே இருப்பவனைக் கயிறு கட்டி இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அங்கே எல்லாமே இரண்டு பாதி. இடது பாதிக்கு இரண்டு ஜெனரேட்டர், வலது பாதிக்கு இரண்டு ஜெனரேட்டர். ஒரு பாதி செத்தால் இன்னொரு பாதி கப்பலைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒன்று செத்தது மற்றதற்குத் தெரியவே கூடாது. இதுதான் அந்தத் தொழிலின் அரிச்சுவடி.

இப்போது மூன்று மாதமாக அவன் வீட்டில் கிடக்கிறான். லீவு இல்லை. கம்பெனி 'விசாரணை முடியட்டும்' என்று அனுப்பி வைத்திருக்கிறது.

நடந்தது இதுதான். அந்தக் கப்பலில் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் சுவிட்சுகளுக்குச் சின்ன கரண்ட் ஒன்று வேண்டும், லாரி பேட்டரி அளவுக்கு. அதைக் கொடுக்க இடது பாதிக்குப் பேட்டரியோடு ஒரு சார்ஜர், வலது பாதிக்குப் பேட்டரியோடு ஒரு சார்ஜர். வலதுபக்கத்துச் சார்ஜர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேட்டரியோடு சேர்ந்து புகைந்து போனது. அப்போதிருந்த யாரோ ஒரு புத்திசாலி, தற்காலிகமாக என்று சொல்லி, இடதுபக்கத்துச் சார்ஜரிலிருந்து தரைக்கு அடியில் ஒரு கேபிளை இழுத்து வலதுபக்கத்துக்கும் கொடுத்துவிட்டான். செத்த சார்ஜரின் பெட்டி அதே இடத்தில் இருந்தது. அதன் பச்சை விளக்கும் எரிந்தது. கேபிள் வழியாக வந்த கரண்டில் எரிந்த விளக்கு அது! வருஷா வருஷம் பரிசோதிக்க வந்தவர்கள் பச்சை விளக்கைப் பார்த்தார்கள், டிக் அடித்தார்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

புகழேந்தி கண்டுபிடித்தான். ஜூன் மாதம் போட்டோவோடு மெயில் போட்டான். சென்னை ஆபீசில் அந்தக் கப்பலைக் கவனிக்கும் துரைராசு அன்றைக்கே பதில் போட்டார்: 'அடுத்த ட்ரை டாக்கில் பார்த்துக்கொள்ளலாம்.' கப்பலைத் தண்ணீரிலிருந்து ஏற்றிப் பழுது பார்க்கும் நாள் அது. இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை வரும். புகழேந்தி இன்னும் இரண்டு மெயில் போட்டான். பதில் இல்லை.

அக்டோபரில், மும்பைக்கு மேற்கே, காலை பத்து பன்னிரண்டுக்கு அந்த ஒற்றைச் சார்ஜரில் அலாரம் அடித்தது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தான். பத்து பதின்மூன்றுக்கு அது செத்தது. ஒரு பாதிக்கென்று வைத்த பேட்டரி இரண்டு பாதியையும் சுமந்து படுத்துவிட்டது. நாலு ஜெனரேட்டரும் ஒன்றாக விழுந்தன. கப்பல் இருண்டு, நகர ஆரம்பித்தது. கீழே முப்பத்தெட்டு மீட்டரில் ராகுல் இருந்தான். பூம்புகார் பக்கத்து மீனவப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம். அவனுடைய காற்றுக் குழாய் மேடையின் காலில் சுற்றிக்கொண்டது. முதுகில் தனியாகக் கட்டியிருந்த சின்ன காற்று பாட்டிலில் பிழைத்தான். அந்த பாட்டில் யாரையும் நம்பி இல்லை, அதனால் பிழைத்தான். தோள்பட்டை மட்டும் நழுவியது. ஸ்டோரில் கிடந்த லைஃப்போட் பேட்டரியை இழுத்து வந்து கட்டி, ஆறு நிமிஷத்தில் ஒரு பாதியை எழுப்பியவன் புகழேந்தி.

கம்பெனி என்ன சொன்னது? கேமராவில் பத்து பன்னிரண்டுக்கு இவன் பெட்டியைத் திறக்கிறான், பத்து பதின்மூன்றுக்கு இருட்டு. ஆக, இவன் கைபட்டுத்தான் போனது. பழியைத் தூக்கி இவன் தலையில் கட்டிவிட்டார்கள். அறிக்கையில் அப்படி எழுதிவிட்டால் அதற்குப் பிறகு எந்தக் கப்பலும் இவனை ஏற்றாது. பதினேழு வருஷமும் வாய்க்கால் தண்ணீரோடு போகும்.

விசாரணை வீடியோ காலில். தை பிறந்து ஆறாம் நாள், காலை பதினொரு மணி.

அந்த ஒரு மணி நேரத்துக்கு அவன் செய்த ஏற்பாட்டைக் கேட்டால் சிரிப்பு வரும். லேப்டாப் ஒன்று, அது போனால் செவ்வந்தியின் லேப்டாப். கரண்ட் போனால் இன்வர்ட்டர், அது போனால் இன்னொன்று. இன்டர்நெட்டுக்கு வீட்டுக்கு வரும் ஃபைபர், அது போனால் ஒரு கம்பெனி சிம், அதுவும் போனால் வேறொரு கம்பெனி சிம்.

"மூணு வழி இருக்கு. மூணும் ஒண்ணா போறதுக்கு வாய்ப்பே இல்ல" என்றான் செவ்வந்தியிடம்.

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள் அவள், இட்லிக்கு ஊற்றிக்கொண்டே.

முந்தின நாள் சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. வரக்கூடாத தை மழை இரண்டு நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டுகிற மழையில் எவனுக்கும் மோட்டார் தேவையில்லை, ஆனால் ஆட்டோ ஸ்டார்ட்டரை அணைத்து வைக்க எவனுக்கும் தோன்றவில்லை. மும்முனை மின்சாரம் வந்த நிமிஷம் ஊரிலுள்ள இருபத்தேழு மோட்டாரும் ஒன்றாக எழுந்து இழுத்தன. இழுத்தால் ப்யூஸ் போக வேண்டும். போகிற ப்யூஸுக்கு யார் திரும்பத் திரும்ப ஏறுவது என்று யாரோ ஒரு புண்ணியவான் தடிக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தான். ப்யூஸ் போகவில்லை. டிரான்ஸ்பார்மர் போனது. புது டிரான்ஸ்பார்மர் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

"கப்பல்லதான் இப்படின்னு நெனச்சேன்" என்று புகழேந்தி தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் பயப்படவில்லை. இன்வர்ட்டர் இருக்கிறது.

காலை எட்டு மணிக்குச் செல்லதுரை நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றார்.

"புகழு, மேலக்காட்டுல முழங்கால் தண்ணி நிக்கிது. வடிகால்ல வெங்காயத்தாமரை அடச்சிக்கிட்டு ஒரு சொட்டு எறங்கல. கதிரெல்லாம் சாஞ்சி தண்ணியில கெடக்கு. இன்னைக்குள்ள எறைக்கலன்னா நெல்லு நின்ன எடத்துலயே மொளச்சிரும். ஆயில் இன்ஜின் இருக்கு, டீசல்தான் இல்ல. பங்க்ல கேன்ல தரமாட்டேங்குறான். ஒன் வண்டிய எடுத்துக்கிட்டு வந்தா எங்கயாச்சும் பாக்கலாம்."

எட்டு நாளில் அறுக்க வேண்டிய சம்பா. அவன் வயிறும் எரியாமல் இல்லை. ஆனால் கழுத்துக்குக் கத்தி வந்திருக்கிற நேரத்தில் டீசலாவது ஒன்றாவது என்று பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, இன்னைக்கி ஒரு நாள் என்னைய விட்டுருங்க. மீட்டிங் இருக்குன்னு சொன்னேன்ல? டீசல எங்கயாவது யாருகிட்டயாவது கேட்டு வாங்கிக்கங்க. இந்த ரூம விட்டு நான் அசைய மாட்டேன்!"

கிழவர் தோளில் கிடந்த துண்டைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பதினொரு மணிக்கு விசாரணை தொடங்கியது. திரையில் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற கேப்டன். ஓரத்தில் துரைராசு, தன் முகத்தை விடத் தன் பின்னாலிருந்த புத்தக அலமாரி நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் இங்கிலீஷில். இருபது நிமிஷம் துரைராசுவே பேசினார். தலைவர் ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டினார்.

"இதில் தனித்தனியாக இரண்டு சார்ஜர் இருக்கிறது. நீங்கள் ஒன்றுதான் என்கிறீர்கள். இரண்டு வருஷப் பரிசோதனையில் எல்லா எஞ்சினியர்களும் இரண்டு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இத்தனை பேர் கண்ணுக்கும் தெரியாத ஒன்று எப்படி உங்களுக்கு மட்டும் தெரிந்தது?"

மூன்று மாதமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தான். நிமிர்ந்து உட்கார்ந்தான். "சார், அது எப்படியென்றால்..." என்று ஆரம்பித்தான்.

தலைவரின் முகம் அப்படியே உறைந்து நின்றது. வாய் பாதி திறந்தபடி.

ஃபைபர் போயிருந்தது. சரி, சிம்முக்கு மாற்றினான். சிக்னல் இல்லை. அடுத்த சிம். அதுவும் இல்லை. முதல் சிம்முக்கே திரும்பினான். போனை அணைத்து எழுப்பினான். ஜன்னலில் நீட்டினான். மாடிக்கு ஓடினான். இரண்டு இன்வர்ட்டரும் கீழே நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தன.

"என்னங்க ஆச்சு?" என்று செவ்வந்தி படியேறி வந்தாள்.

"மூணும் போச்சுடி! மூணும் எப்படி ஒண்ணா போகும்?"

அவள் மாடியிலிருந்து அரிசி மில்லுக்குப் பின்னால் நிற்கிற செல்போன் டவரைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். ஊருக்கே ஒரு டவர். இரண்டு கம்பெனியின் ஆன்டெனாவும் அதில்தான் தொங்குகின்றன. ஃபைபர்காரனின் பெட்டியும் டவருக்குக் கீழே இருக்கும் அறையில்தான் இருக்கிறது. இருபது வருஷமாக அந்த வழியாகப் போய்வருகிறான். ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்திருப்பானா?

பைக்கை எடுத்துக்கொண்டு மழையில் பறந்தான். டவரைப் பார்த்துக்கொள்ளும் தியாகேசன் கேட்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஜெனரேட்டர்லதாண்ணே ஓடுது. டேங்க் தீந்துபோச்சு. ஊத்த ஒரு கேன் வச்சிருந்தேன், இருவது லிட்டர்."

"வச்சிருந்தேன்னா? இப்ப எங்க?"

தியாகேசன் தரையைப் பார்த்தான். "காலைல ஒங்கப்பா வந்து கேட்டாருண்ணே. பயிரு முங்குதுன்னு வந்து நிக்கிறவர்கிட்ட டீசல் இல்லன்னு எப்புடிண்ணே சொல்றது? மத்தியானத்துக்குள்ள திருப்பித் தரேன்னாரு. டேங்க்ல இருக்கறது அதுவரைக்கும் தாங்கும்னு நெனச்சேன்."

உண்மைதான். பயிரைக் காப்பாற்றக் கேட்கிறவனிடம் டீசலையும் தண்ணீரையும் இல்லை என்று சொல்கிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது. யாரிடமாவது கேட்டு வாங்கிக்கங்க என்று அப்பாவை அனுப்பியவனும் இவன்தான். மேலக்காட்டுப் பக்கமிருந்து ஆயில் இன்ஜின் டபடபவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. அவனுடைய பதினேழு வருஷத்தைக் குடித்துவிட்டு ஓடுகிற சத்தம். யாரைப் போய்த் திட்டுவது? ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. மழையானதால் தியாகேசனுக்குத் தெரியவில்லை.

சிக்னல் வேண்டுமென்றால் திருவையாற்றுக்குத்தான் போக வேண்டும், ஆறு கிலோமீட்டர். மூடிக் கிடந்த உரக்கடை ஒன்றின் தகரத்துக்கு அடியில் வண்டியை நிறுத்தினான். சட்டையெல்லாம் சொட்டியது. போனைத் துடைக்கக் காய்ந்த துணி ஒரு சாண்கூட இல்லை, எல்லாவற்றுக்கும் ஸ்பேர் வைக்கிற மனிதனிடம். மறுபடி இணைப்பு கிடைத்தபோது மணி பதினொன்று ஐம்பத்தாறு. தலைவர் முடித்துக்கொள்ளும் தோரணையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

துரைராசு முந்திக்கொண்டார். "மாற்று ஏற்பாட்டைப் பற்றி நமக்கு மெயில் எழுதியவரால் ஒரு வீடியோ காலுக்கு மாற்று ஏற்பாடு செய்ய முடியவில்லை." அலமாரிக்கு முன்னால் ஒரு சிரிப்பு.

தயார் செய்து வைத்திருந்த பதிலெல்லாம் புகழேந்திக்கு மறந்துபோனது. வந்ததைச் சொன்னான்.

"மூன்று ஏற்பாடு செய்திருந்தேன் சார். மூன்று கம்பெனி, மூன்று பில். மூன்றும் ஒரே டவர். அந்த டவருக்கு ஒரே கேன் டீசல். அந்தக் கேனை வயலில் தண்ணீர் இறைக்க என் அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். தினமும் அந்த டவரைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போகிறேன். இந்தத் தொழிலிலேயே ஊறின எனக்கே தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? மூன்று பெயர் இருந்தது, மூன்று என்று நம்பிவிட்டேன். இத்தனை பேர் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டீர்களே, இப்படித்தான் சார் தெரியவில்லை. உங்கள் வரைபடத்தில் இரண்டு பெயர் இருக்கிறது. கப்பலில் இருப்பது ஒரு கேன். நான் பெட்டியைத் திறந்ததால் அது காலியாகவில்லை, காலியானதால்தான் திறந்தேன். யாரையாவது அனுப்பித் தரைத் தகட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கள் அப்பாவின் பயிர் பிழைத்ததா?" என்று கேட்டார்.

"இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது சார்."

பயிர் பிழைத்தது. பாதிக்கு மேல் பிழைத்தது. சாயங்காலம் செல்லதுரை சேறும் சகதியுமாக வந்து, "ஒன் மீட்டிங்கு என்னாச்சு?" என்று கேட்டார். முடிஞ்சிதுப்பா என்றான். டவர் சமாச்சாரத்தைச் சொல்லவில்லை. செவ்வந்தி சொல்லிவிட்டாள். மறுநாள் காலை தியாகேசன் வீட்டு வாசலில் இரண்டு கேன் டீசல் இருந்தது. ஒன்று கடனுக்கு, ஒன்று சும்மா இருக்கட்டும் என்று.

பதினைந்து நாள் கழித்துத் துரைராசுவிடமிருந்து போன். குரலில் தேன் வடிந்தது.

"புகழ், நல்ல செய்தி. ரிப்போர்ட்ல ஒங்க பேரு இல்ல. ஒங்க மேல தப்பில்லன்னு போட்டுட்டாங்க. பத்தாம் தேதி மும்பைல ஜாயின் பண்ணிக்கலாம், அதே கப்பல்."

மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. செவ்வந்தியைக் கைகாட்டிக் கூப்பிட்டான். பிறகுதான் கேட்டான்.

"தகட்டத் தூக்கிப் பாத்தாங்களா சார்?"

"பாத்தாங்க, பாத்தாங்க. நீங்க சொன்ன கேபிள் இருக்கு. பரிந்துரையில சேத்திருக்காங்க."

"அப்ப சார்ஜர் மாத்தியாச்சா?"

"அது அடுத்த ட்ரை டாக்ல வச்சிருக்கோம். இப்போதைக்கி எல்லாருக்கும் ஒரு நாள் விழிப்புணர்வுப் பயிற்சி குடுத்தாச்சு."

"தண்ணியில எறங்கற டைவர் யாரு சார்?"

"பழைய டீம்தான். ராகுலும் வரான். தோள் சரியாயிருச்சாம்."

"அப்ப நானும் அடுத்த ட்ரை டாக்லயே ஜாயின் பண்ணிக்கிறேன் சார்."

"என்ன புகழ், வெளையாடுறீங்களா? நீங்க வரலன்னா இப்ப டெம்பரரியா இருக்கற எழில்மொழியே கன்டினியூ பண்ணட்டும். கம்பெனிக்கு ஆளா இல்ல?" போனை வைத்துவிட்டார்.

செவ்வந்தி அவன் முகத்தைப் பார்த்தாள். "வேல போச்சா?"

"வேல போகல. நான்தான் போகல. எழில்மொழின்னு ஒரு பொண்ணு என் எடத்துல டெம்பரரியா ஏறியிருக்காம், அதுவே இருக்கட்டும்ங்கறாரு."

"அப்ப அந்தப் பொண்ணு அந்தக் கப்பல்லதான இருக்கு?" என்றாள் அவள்.

அதுதான் அவனையும் அரித்தது. கப்பலின் சாட்டிலைட் போன் நம்பர் அவனுக்கு மனப்பாடம். மூன்றாவது தடவையில் கிடைத்தது. இரைச்சலுக்கு நடுவே ஒரு இளம் குரல், "எழில்மொழி பேசறேன் சார்" என்றது. ஏறி மூன்று வாரம்தான் ஆகிறதாம்.

"வலதுபக்கத்துச் சார்ஜர் எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு சார். பச்சை லைட் எரியுது. முன்னாடி இருந்தவரு குடுத்த ஹேண்டோவர் நோட்லயும் ரெண்டு சார்ஜர் ஓகேன்னுதான் போட்டிருக்கு."

புகழேந்தி கண்ணை மூடிக்கொண்டான். கத்தக் கூடாது என்று தன்னை அடக்கிக்கொண்டு, சார்ஜர் எது, வெறும் பெட்டி எது, கேபிள் எந்தத் தகட்டுக்கு அடியில் ஓடுகிறது, இடதுபக்கத்தில் அலாரம் அடித்தால் முதல் வேலையாக எதைப் பிடுங்க வேண்டும், லைஃப்போட் பேட்டரியை எங்கே கொண்டுவந்து தயாராகக் கட்டி வைக்க வேண்டும், அதுவரை ஏன் ஒருத்தனையும் தண்ணீரில் இறக்க விடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். மறுமுனையில் பேனா ஓடுகிற நேரத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"எழுதிட்டேன் சார்."

"படிச்சிக் காட்டும்மா."

அவள் படித்தாள். ஒரு வரியும் தப்பவில்லை.

"இன்னொரு தடவ" என்றான் புகழேந்தி.